தண்ணென்ற தேறல்

பெங்களூரிலிருந்து வடக்கு நோக்கித் தேவனஹள்ளி வழியாகவோ தொட்டபள்ளாப்பூர் வழியாகவோ நந்தி மலைக்கு மாசி மாதத்துக் காலைப் பொழுதில் செல்லுகிறவர்கள், இருமருங்கிலும் கற்கால்களை நட்டுக் கம்பி இழுத்துக் கட்டிய பந்தல்களின்மேல் திராட்சைக் கொடிகள் அடர்ந்து படர்ந்திருப்பதையும், அப்பந்தல்களின் நிழலில் கருநீலக் கொத்துக்கள் காம்பு தெரியாமல் தொங்குவதையும், அவற்றிலிருந்து கிளம்பும் ஒருவகை மலர் வாசனை ஈரக் காற்றோடு கலந்து வருவதையும் கவனியாமல் போக முடியாது. பெங்களூர் புளூ என்று பெயர் பெற்று, 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்ற பழம் அது. அதன் தோலை விரலால் பிதுக்கினால் உள்ளிருக்கும் சதை வழுக்கிக்கொண்டு தனியே வந்துவிடும். தோலில் துவர்ப்பும், சதையில் புளிப்பும் இனிப்பும், மூக்கில் அந்த வாசனையும் ஒருங்கே நிற்கும். வாசனைக்குக் காரணமான மெத்தில் ஆந்த்ரானிலேட் என்னும் பொருள் மல்லிகையிலும் ஆரஞ்சுப் பூவிலும் இருப்பதால், நமக்கு அது பழகிய மணமாகத் தோன்றுகிறது.

பிரெஞ்சுக்காரருக்கோ இது சிறிதும் பிடிக்காத வாடை. அமெரிக்கக் காட்டுத் திராட்சையாகிய லாப்ரஸ்கா இனத்தின் வழிவந்த பழங்களில் வீசும் இம்மணத்தை அவர்கள் நரி வாடை என்று வெறுத்து, பெங்களூர் புளூவுக்கு நெருங்கிய உறவாகக் கருதப்படும் இசபெல்லாவையும் சேர்த்து ஆறு கலப்பினக் கொடிகளை 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் விலக்கி வைத்தார்கள். ஒரு நாட்டில் பூவின் மணமாக இருப்பது மற்றொரு நாட்டில் விலங்கின் வாடையாகிவிடுகிறது. ரசனை என்பது நாவில் பாதியும் பழக்கத்தில் பாதியுமாக வாழ்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது.

ஆயினும் அந்தப் பிரெஞ்சுக்காரர்களின் கொடிகளே நந்தி மலையடிவாரத்திற்கு வந்து சேர்ந்தன. கன்வல் குரோவர் என்னும் தொழிலதிபர், பிரான்சுக்குப் போய் வந்த பழக்கத்தால் உண்டான ஆசையினால், ஷாம்பேன் வட்டாரத்துப் பூஸி என்னும் ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் வெசெல் என்ற ஒயின் நிபுணரை இந்தியாவுக்கு அழைத்து வந்து, பல இடங்களின் மண்ணையும் சீதோஷ்ணத்தையும் ஆராய்ந்து, முடிவில் தொட்டபள்ளாப்பூர் வட்டாரத்தைத் தேர்ந்து 1988இல் தோட்டம் போட்டார். திராட்சைக்கு உரிய பூமி என்று மேல்நாட்டு நூல்கள் சொல்லுவது 30ஆவது அட்சரேகைக்கும் 50ஆவது அட்சரேகைக்கும் இடைப்பட்ட பிரதேசத்தை. பெங்களூரோ 13ஆவது அட்சரேகையில் இருக்கிறது. எனினும், கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவு குளிர்கிறது. குளிர்ந்த இரவில் பழம் தன்னிடமுள்ள, புளிப்பைத் தரும் மாலிக் அமிலத்தைச் செலவழிக்காமல் காத்துக்கொள்கிறது. பனிக்காலம் வந்து இலையுதிர்த்து உறங்க வேண்டிய கொடி இங்கே உறங்குவதே இல்லை. ஆகையால் மனிதர்தாம் ஆண்டுக்கு இருமுறை கவாத்துச் செய்து அதற்குப் பருவ ஞானத்தைப் புகட்ட வேண்டியிருக்கிறது.

வெசெலின் ஊராகிய பூஸியில், பொங்கி நுரைக்கும் ஷாம்பேனோடு, பினோ நுவார் பழத்திலிருந்து நுரையில்லாத மெல்லிய சிவப்பு ஒயின் ஒன்றும் செய்வதுண்டு. பிரான்சில் இப்படிப்பட்ட மெல்லிய சிவப்பு ஒயின்கள் பல: லுவார் நதிக்கரையில் காபர்னே ஃபிராங்க், பர்கண்டியில் பினோ நுவார், அதற்குத் தெற்கே, லியோன் நகரத்தை அடுத்த போஜோலே குன்றுகளில் காமே. இவற்றை அறிந்தோர் மெச்சுவது உண்டெனினும், கருஞ்சிவப்பாய், தடிப்பாய், நாவைக் கவ்விப் பிடிக்கும் ஒயினே உயர்ந்த சரக்கு என்னும் எண்ணம் நம் நகரத்தில் வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் நம்முடைய சாப்பாட்டுக்குச் சற்றும் பொருந்தாதது என்பதை ஒரு விருந்தில் கண்டுகொண்டேன். அதற்குப் பிறகு அதற்கான சாஸ்திரத்தைத் தேடிப் படித்தேன்.

அல்சூர் ஏரிக்கு அருகில் வசிக்கும் என் பழைய சிநேகிதர் ஒருவர் வீட்டில், லியோனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய தமக்கை மகன், போஜோலேயின் ஃப்ளெரி என்னும் கிராமத்து ஒயின் ஒரு புட்டி கொண்டுவந்திருந்தான். சிவப்பு ஒயினை அறையின் வெப்பத்திலேயே பரிமாற வேண்டும் என்று எங்கோ படித்து வைத்திருந்த நான், அதைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைக்கும்படி மதியமே சொல்லிவிட்டேன். இரவு எட்டு மணிக்கு, மிளகு தூக்கலாகப் போட்ட ஆட்டு வறுவலோடு முதல் வாய் குடித்தபோது, அது சுள்ளென்று எரிந்தது. பழத்தின் மணம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. வெந்நீரில் சாராயத்தின் நெடியைக் கலந்தாற்போல இருந்தது. நல்ல பண்டத்தை நான் கெடுத்துவிட்டேன் என்ற வருத்தம் உண்டாயிற்று.

"மாமா, அங்கே அறை வெப்பம் என்றால் 16, 17 டிகிரி. இங்கே இந்தக் கூடத்தில் 27 இருக்குமே!" என்று அந்தப் பையன் மெதுவாகச் சொன்னான். "ஒரு வாளியில் தண்ணீரும் ஐஸும் போட்டு இருபது நிமிஷம் இறக்கி வைக்கிறேன், அதற்குள் பிரியாணி வந்துவிடும்."

இருபது நிமிஷங்களுக்குப் பிறகு அதே புட்டியிலிருந்து வார்த்த ஒயின் வேறொரு பானமாக இருந்தது. அந்த வித்தியாசத்தைத்தான் இங்கே விளக்க முற்படுகிறேன்.

நம் முன்னோர்கள் சுவையை ஆறென்று வகுத்தார்கள்: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு. மேல்நாட்டு விஞ்ஞானம் நெடுங்காலம் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்னும் நான்கையே ஒப்புக்கொண்டு, 1908இல் ஜப்பானியப் பேராசிரியர் கிகுனாயே இகேடா கண்டறிந்த உமாமியை மிகவும் தாமதமாக ஐந்தாவதாகச் சேர்த்துக்கொண்டது. கார்ப்புக்கும் துவர்ப்புக்கும் அப்பட்டியலில் இடமில்லை. ஏனெனில் அவை நாவின் சுவை மொட்டுக்களால் அறியப்படுவன அல்ல. கார்ப்பு வெப்பத்தையும் நோவையும் உணரும் நரம்புகளின் அனுபவம். துவர்ப்போ பெரும்பாலும் ஸ்பரிசத்தைச் சார்ந்தது. சரீர சாஸ்திரத்தின்படி அந்தப் பாகுபாடு சரியே. ஆனால், சாப்பாட்டு மேஜையில் சிவப்பு ஒயினுக்கும் நம் உணவுக்கும் ஒத்துப்போகுமா போகாதா என்பதைத் தீர்மானிப்பவை, அவர்கள் பட்டியலில் சேர்க்காமல் விட்ட இந்த இரண்டுமே.

துவர்ப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் டானின் என்னும் பொருள்கள் உள்ளன. வாழைப்பூவையும் நெல்லிக்காயையும் நாவற்பழத்தையும் கொட்டைப்பாக்கையும் துவர்க்கச் செய்பவையும் இவ்வகைப்பட்ட பொருள்களே. நம் உமிழ்நீர் வெறும் நீரன்று. வாயின் உட்புறத்துக்கு எண்ணெய் பூசினாற்போல் வழுவழுப்பைத் தருகிற புரதங்கள் அதில் கரைந்திருக்கின்றன. அவற்றுள் புரோலின் என்னும் அமினோ அமிலம் மிகுந்த ஒரு வகுப்பு, டானினைக் கண்டவுடன் அதைப் பற்றிக்கொண்டு, பால் திரிவதுபோலத் திரிந்து படிந்துவிடுகிறது. வழுவழுப்பு நீங்கிய வாயில், நாக்கு மேலண்ணத்தின்மேல் உரசுகிற கரடுமுரடான உணர்ச்சிக்குத்தான் துவர்ப்பென்று பெயர். இந்த உணர்ச்சி ஒரு வாயோடு நிற்பதில்லை. உமிழ்நீர் மீண்டும் ஊறுவதற்குள் இரண்டாவது வாயும் மூன்றாவது வாயும் குடித்தால் படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். மது அருந்தாத வாசகர்கள், பால் சேர்க்காத கடுந்தேநீரை ஆறவைத்து மூன்று தடவை வாயில் ஊற்றிக் கொப்பளித்துப் பார்த்தால் இதைப் பிரத்தியட்சமாக அறியலாம். பிறகு சிறிது வெண்ணெயைத் தின்றால் வாய் மறுபடியும் வழுவழுப்பதையும் காணலாம். கொழுப்பும் துவர்ப்பும் வாய்க்குள் எதிரெதிர்த் துருவங்களைப்போல ஒன்றையொன்று சமன் செய்கின்றன என்பதை 2012இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, தேயிலைச் சத்தையும் கொழுத்த இறைச்சியையும் கொண்டே நிரூபித்தது. பெரும் இறைச்சித் துண்டை உப்பும் வெண்ணெயும் மட்டும் சேர்த்துச் சுட்டுத் தின்னும் நாட்டில், தடித்த ஒயின் ஏன் சிறப்படைந்தது என்பது இதனால் விளங்கும்.

இனி, கார்ப்பு. மிளகாயின் காப்சைசின் நாவைச் சுடுவதாகத் தோன்றுவது உவமை மாத்திரம் அன்று. ஏறக்குறைய 42 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் பட்டால் திறந்துகொண்டு 'சுடுகிறது' என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் ஒரு நுண்ணிய வாயில் நம் நரம்பு முனைகளில் இருக்கிறது. காப்சைசின் அந்த வாயிலை வெப்பமில்லாமலே திறந்துவிடுகிறது. டிஆர்பிவி1 என்று வழங்கும் இவ்வாயிலை 1997இல் கலிபோர்னியாவில் கண்டறிந்து வெளியிட்டவர் டேவிட் ஜூலியஸ். அதற்காக அவர் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை, ஸ்பரிச உணர்ச்சியை ஆராய்ந்த ஆர்டெம் பட்டபூட்டியனோடு பகிர்ந்துகொண்டார். மிளகின் பைப்பரினும் இதே வாயிலைத்தான் தட்டுகிறது. நம் விஷயத்துக்கு மிகவும் முக்கியமானது 2002இல் தெரியவந்த மற்றோர் உண்மை: எத்தில் ஆல்கஹால் இந்த வாயில் திறக்கும் எல்லையை 42 டிகிரியிலிருந்து சுமார் 34 டிகிரிக்கு இறக்கிவிடுகிறது. நம் உடம்பின் உஷ்ணமோ 37 டிகிரி. ஆகவே, மதுவின் முன்னிலையில் நம் சொந்த உடல் வெப்பமே நமக்குச் சுடுகிறது. முன்னமே மிளகாலும் மிளகாயாலும் கிளர்ந்திருக்கும் நரம்புகளுக்கு, 14 சதவீதம் ஆல்கஹாலுள்ள ஒயின் எரிகிற அடுப்பில் எண்ணெய் வார்த்ததாகிறது.

மிளகு வறுவலோடு அன்று நான் குடித்த முதல் வாய் ஏன் அப்படி எரிந்தது என்பது இப்போது விளங்கும். உணவு நரம்புகளின் வாயிலைத் திறந்து வைத்தது. மதுவின் ஆல்கஹால் அதன் எல்லையைத் தாழ்த்தியது. 27 டிகிரி வெப்பமோ ஆல்கஹாலின் ஆவியைப் பழத்தின் மெல்லிய மணங்களுக்கு முன்னே மூக்குக்குள் தள்ளிவிட்டது. புட்டியை 14 டிகிரிக்குக் குளிரவைத்தபோது ஆவி அடங்கிற்று; குளிர்ச்சி வாயின் எரிச்சலைத் தணித்தது; புளிப்பு கூர்மையடைந்தது; பழம் மேலே வந்தது. ஆனால் எல்லாச் சிவப்பு ஒயினுக்கும் இவ்வுபாயம் பலிக்காது. குளிர்ச்சி டானினின் துவர்ப்பையும் கசப்பையும் மிகுதியாக்கிக் காட்டும் இயல்புடையது. ஆகவே தடித்த ஒயினைக் குளிரவைத்தால் அது இரும்பைப்போல விறைத்து நிற்கும். டானின் குறைந்த மெல்லிய ஒயின் ஒன்றுதான் குளிர்ச்சியைத் தாங்கும். நம் உஷ்ணப் பிரதேசத்தின் கார உணவுக்கு வேண்டியதும் குளிர்ச்சிதான். டானின் இல்லாமையே மெல்லிய ஒயினின் சிறப்பாகிற விந்தையை நான் இங்கே காண்கிறேன்.

நம் இலக்கியத்தில் யவனர் மதுவைப் பற்றி வருகிற இடம் ஒன்று நினைவுக்கு வருகிறது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில், பாண்டிய மன்னன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொண்டுவந்த தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்ட மன்னன் மகிழ்ந்திருக்க வேண்டும் என்று பாடுகையில், அத்தேறலுக்குக் குளிர்ச்சியையும் மணத்தையும் அடையாக வைத்திருக்கிறார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வாராய்ச்சியில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்த கூர்அடி ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. தென்னாட்டு வெயிலில் அந்த மதுவைக் குடித்தவர்கள், அதைக் குளிர்ச்சியாகக் குடிக்க வேண்டும் என்பதை ஏற்கெனவே நன்கு அறிந்திருந்தார்கள் என்றே அப்புலவரின் சொற்தேர்வு எனக்கு எண்ணத் தோன்றுகிறது.

காமே என்னும் பழத்துக்குப் பழைய அவமானம் ஒன்று உண்டு. 1395இல் பர்கண்டியின் கோமகனாகிய துணிச்சல்மிக்க பிலிப், அது விசுவாசமற்ற கெட்ட செடி என்று பறைசாற்றி, அதைத் தம் நாட்டில் வேரோடு பிடுங்கும்படி ஆணையிட்டார். அதிகமாகக் காய்க்கும் கொடி, சாறு மெலிது, பினோ நுவாரின் பெருமைக்கு அதனால் பங்கம் நேரும் என்று அவர் அஞ்சினார். அவ்வாறு வெறுக்கப்பட்ட கொடி, தெற்கே போஜோலேயின் கருங்கல் குன்றுகளில் தன் உண்மையான இருப்பிடத்தைக் கண்டது. 30 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அந்த இளஞ்சிவப்புக் கிரானைட்டின் உதிர்ந்த மணலில் நீர் தங்குவதில்லை, சத்தும் அதிகமில்லை, அதனால் கொடியின் அளவு மீறிய காய்ப்பு கட்டுப்படுகிறது. கல்லின் சுவை ஒயினில் தெரிகிறது என்று ரசிகர்கள் சொல்லுவதை விஞ்ஞானம் ஒப்புக்கொள்ளவில்லை, ஏனெனில் பாறையின் தாதுக்கள் அப்படியே வேர் வழியே ஏறிச் சுவையாக மாறுவதில்லை. ஆயினும், 300 கோடி ஆண்டுப் பழமையுள்ள லால்பாக் பாறையின்மேல் மாலையில் உட்கார்ந்து பழகிய பெங்களூர்வாசிக்கு, இத்தகைய கற்பூமியின் கொடியிடம் ஒரு பாசம் உண்டாவது இயல்புதானே.

அப்பழத்தை ஒயினாக்கும் முறையிலேயே அதன் மென்மையின் ரகசியம் இருக்கிறது. வழக்கமான முறையில் பழத்தை நசுக்கி, சாற்றையும் தோலையும் விதையையும் ஒன்றாகப் பல நாட்கள் ஊறவைத்துப் புளிக்கச் செய்வார்கள். உண்டாகிற ஆல்கஹால் விதையிலும் தோலிலுமுள்ள டானினைக் கரைத்து இழுத்துக்கொள்ளும். போஜோலேயிலோ, பழக் கொத்துக்களை நசுக்காமல் காம்போடு முழுமையாகத் தொட்டியில் நிரப்புகிறார்கள். அடியில் இருப்பவை மேலே உள்ளவற்றின் பாரத்தால் நசுங்கிப் புளிக்கத் தொடங்கி, கரியமில வாயுவை வெளியிட, அவ்வாயு தொட்டியெங்கும் நிறைந்து பிராணவாயுவை விரட்டிவிடுகிறது. அப்போது மேலேயுள்ள முழுப் பழங்களுக்குள் ஓர் ஆச்சரியமான மாறுதல் நிகழ்கிறது: ஈஸ்ட் நுழையாமலேயே, மூச்சுக்கு வழியற்ற பழத்தின் உயிரணுக்கள் தம்மிடமுள்ள நொதிகளால் தம் சர்க்கரையைத் தாமே ஆல்கஹாலாக மாற்றத் தொடங்குகின்றன, அது ஏறக்குறைய 2 சதவீதத்தை எட்டியதும் பழம் மரித்து வெடிக்கிறது. அதற்குள் மாலிக் அமிலத்தில் ஒரு பகுதி கரைந்து போகிறது. நிறம் தோலிலிருந்து சதைக்குள் ஊறிவிடுகிறது. விதையின் கடுந்துவர்ப்போ வெளிப்பட நேரமில்லாமல் விதைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. 1934இல் மிஷேல் ஃப்ளான்ஸி என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, திராட்சையைக் கெடாமல் வைத்திருக்கும் பொருட்டுக் கரியமில வாயுவில் வைத்துப் பார்த்த ஆராய்ச்சியிலிருந்தே இம்முறைக்குச் சாஸ்திரீயமான விளக்கம் கிடைத்தது.

அந்த மூச்சுமுட்டலின் விளைவாகப் பிறக்கும் மணங்கள் தனிப்பட்டவை. வாழைப்பழத்தின் மணமாகிய ஐசோஅமைல் அசிட்டேட். செர்ரிக் கொட்டையையும் பாதாமையும் நினைவூட்டும் பென்சால்டிஹைடு. ஸ்ட்ராபெரியின் சாயலோடு இலவங்கப்பட்டையின் நிழலும் கலந்த எத்தில் சின்னமேட். ஒவ்வொரு நவம்பர் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமையும் விற்பனைக்கு வரும் இளம் போஜோலேயில் வாழைப்பழ மணம் ஓங்கி நிற்கும். நன்கு கனிந்த ஏலக்கி வாழைத்தாரின் அருகில் நின்றவர்களுக்கு அது பழைய உறவினரைக் கண்டதுபோல இருக்கும். ஃப்ளெரி, மோர்கோன், மூலென்-ஆ-வான் முதலிய பத்து வட்டாரங்களின் ஒயினில் இது அடங்கி, செர்ரியும் ஊதாப் பூவும் மேலோங்கும். மிளகுக்கு மிளகு வாசனையைத் தருகிற ரோடண்டோன் என்னும் பொருளும், 2008இல் ஆஸ்திரேலியாவில் ஷிராஸ் ஒயினில் கண்டறியப்பட்ட பிறகு, சில காமே ஒயின்களிலும் காணப்பட்டிருக்கிறது. ஐந்தில் ஒருவருக்கு அந்த மணத்தை அறியும் சக்தியே இல்லை என்பது மற்றோர் ஆச்சரியம்.

இம்மணங்களை அறிய, கிண்ணத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வார்க்காமல், முதலில் வெள்ளைத் துணியின்மேல் சாய்த்துப் பார்க்க வேண்டும். காமே ஒயினின் பின்னால் விரலை வைத்தால் விரலின் ரேகை தெரியும்; விளிம்பில் கத்தரிப்பூவின் ஊதா மின்னும். பிறகு சுழற்றினால் கண்ணாடியின் உட்புறத்தில் திரவம் ஏறித் துளித்துளியாக வழியும். அதை ஒயினின் கண்ணீர் என்பார்கள். அது தரத்தின் அடையாளமன்று. ஆல்கஹால் நீரைவிட விரைவில் ஆவியாவதால் பரப்பு இழுவிசை இடத்துக்கிடம் வேறுபடுவதன் விளைவு. முகர்ந்த பின்பு ஒரு சிறு வாய் எடுத்து, நாவின்மேல் பரவவிட்டு, விழுங்கியதும் மூக்கின் வழியே மெல்ல மூச்சை வெளிவிட வேண்டும். நாம் சுவையென்று எண்ணுவதில் பெரும்பங்கு, தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறிச் செல்லும் மணமே. தொழில்முறைச் சுவைஞர்கள் விழுங்குவதில்லை, உமிழ்ந்துவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1988லேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டபடியால், அந்த வழக்கம் விவேகமானது என்றே நினைக்கிறேன்.

கண் நாவை ஏமாற்றும் என்பதையும் மறக்கலாகாது. 2001இல் போர்தோ நகரத்தில், ஒயின் கலை பயின்ற 54 மாணவர்களுக்கு, மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே வருணித்தார்கள். நிறம் வெளிறியிருப்பதால் மட்டமான சரக்கு என்று மெல்லிய ஒயினை ஒதுக்குகிறவர்கள் இச்சோதனையை நினைவில் கொள்வது நலம்.

அன்றிரவு வாளியிலிருந்து எடுத்த புட்டியோடு, உலர்ந்த இலைத் தொன்னையில் சூடாக வந்தது சீரகச் சம்பா அரிசியில் செய்த பெங்களூர்ப் பிரியாணி. மிலிட்டரி ஹோட்டல் என்று இந்நகரத்தார் அழைக்கும் பழைய உணவுச்சாலைகளில் பழகிய அந்தப் பிரியாணி, ஹைதராபாத்தின் பிரியாணியைப்போல வாசனைப் பொருள்களால் கனத்ததன்று. புதினாவும் கொத்தமல்லித் தழையும் பச்சை மிளகாயும் அரைத்து ஊற்றிய பசுமையே அதன் ஜீவன். காமேயின் செர்ரி மணத்தின் அடியில் பச்சிலையின் சாயல் ஒன்று மறைந்திருப்பதை, புதினாவின் துணையால்தான் முதன்முதலாக உணர்ந்தேன். ஆட்டுக் கொழுப்பு, ஒயினிலிருந்த அற்பத் துவர்ப்பையும் துடைத்துவிட்டது; ஒயினின் புளிப்போ கொழுப்பின் கனத்தை ஒவ்வொரு வாய்க்கும் கழுவிக் கொடுத்தது.

புளிப்பைப் பற்றி ஒரு வார்த்தை விரிவாகச் சொல்ல வேண்டும். திராட்சையின் தலைமை அமிலம் டார்டாரிக் அமிலம். வேறு பெரும்பாலான பழங்களில் அவ்வளவாகக் காணப்படாத அவ்வமிலம், நம் வீட்டுப் புளியில் நிறைந்திருக்கிறது. ஒயினும் புளிக்குழம்பும் அமிலத்தால் சகோதரர்கள். உணவு ஒயினைவிட அதிகமாகப் புளித்தால், ஒயின் உயிரற்றுச் சப்பென்று ஆகிவிடும் என்பது பரிமாறுவோர் அறிந்த விதி. வெயிலில் மிகவும் பழுத்து அமிலம் இழந்த தடித்த ஒயின்கள் பிசிபேளே பாத்தின் முன்னே நிற்க முடியாமல் போவது இதனால்தான். குளிர்ந்த குன்றுகளின் காமே, தன் அமிலத்தை இழக்காததால் புளிக்கு ஈடுகொடுக்கிறது. மிளகாயைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். நிறம் மிகுந்து காரம் குறைந்த பியாடகி மிளகாயால் செய்த குழம்பு இவ்வொயினுக்கு இணக்கமானது; குண்டூர் மிளகாயின் தீயை எந்த ஒயினும் அணைக்காது, தயிர்தான் அணைக்கும். மார்கழி, தை மாதங்களில் இந்நகரம் முழுவதும் மணக்கும் அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி, தேங்காய் அரைத்து ஊற்றிச் செய்யும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் ராகிக் களியும் இதற்கு வெகு பொருத்தமான துணை என்பது பின்னொரு நாள் என் அனுபவத்தில் கண்டது. தேங்காய்ப் பாலின் கொழுப்பும் அவரையின் மண்வாசனையும் ஒயினின் பழத்தைத் தாங்கி நிற்கின்றன.

மத்தி, அயிலை போன்ற எண்ணெய் மீன்களோடு மட்டும் இதைச் சேர்க்கத் தயங்குகிறேன். சிவப்பு ஒயினோடு மீன் உண்டால் சில சமயம் கவிச்சு நாற்றம் எழுவதன் காரணத்தை 2009இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்: ஒயினிலுள்ள இரும்பு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவைத் தாண்டும்போது, மீன் கொழுப்பைச் சிதைத்து அந்நாற்றத்தைக் கிளப்புகிறது. புட்டியின்மேல் இரும்பின் அளவை யாரும் அச்சிடுவதில்லை. மைசூர்ப் பாகு போன்ற இனிப்பும் வேண்டாம். அதன் பின்னே இனிப்பில்லாத எந்த ஒயினும் வெறும் புளிநீராகிவிடும்.

சாப்பாடு முடிந்து கைகழுவி வந்தபோது, சிநேகிதருடைய தாயார், தம் வழக்கப்படி வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து வைத்து, "எடுத்துக்கோ அப்பா, ஜீரணமாகும்" என்றார்கள். ஒரு சிட்டிகை வறுத்த பாக்கை வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கையில், கிண்ணத்தின் அடியில் அரை வாய் ஒயின் மிச்சமிருப்பதைப் பார்த்து எடுத்துக் குடித்தேன். சற்று முன்வரை பட்டைப்போல இறங்கிய அதே ஃப்ளெரி, இப்போது வாயெல்லாம் சாக்குத் துணியைக் கொண்டு தேய்த்ததுபோல இருந்தது. பழமும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. பாக்கின் டானின் என் உமிழ்நீரின் புரதத்தையெல்லாம் முன்னமே பற்றிக்கொண்டு போய்விட்டபடியால், ஒயினின் துளித் துவர்ப்பைத் தாங்குவதற்கு வாயில் ஒன்றும் மிஞ்சவில்லை. நான் முகம் சுளித்ததைக் கண்ட அந்தப் பையன், தன் கிண்ணத்தில் இருந்ததை ஒரே வாயில் முடித்துவிட்டு, பிறகுதான் தட்டை நோக்கிக் கையை நீட்டினான்.